நான்சி ட்ரூ கதைகளைப் பெரியவர்கள் படிப்பது நேர விரயமா?

கேள்வி: முப்பது வயதுக்கு மேல் நான்சி ட்ரூ போன்ற பழைய பெண் துப்பறிவாளர் கதைகளை விரும்பிப் படிக்கிறேன். அவை ஒரு கம்பெனி ஆள்வைத்து எழுதிய கதைகள், எழுத்தாளர் என்றே யாரும் கிடையாது என்கிறார்கள். நேரத்தை வீணாக்குகிறேனா?

பதில்:

இல்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர் அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். எனக்கும் இதே சொல் பலர் முன்னிலையில் கிடைத்தது. அதனால் இந்தப் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். சமீபத்தில் படித்ததைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். நான் நான்சி ட்ரூ தொடரின் 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்' நாவலின் 1930ஆம் ஆண்டு மூலப் பதிப்பைப் பற்றிப் பேசினேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் நடுவிலேயே நிறுத்தினார். "கரோலின் கீன் என்று ஒரு எழுத்தாளர் பிறக்கவே இல்லை அம்மா. தொழிற்சாலையில் சோப்பு வார்ப்பதைப் போல வார்த்த புத்தகம் அது. அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை.

நான்சி ட்ரூ அட்டைகளில் இருக்கும் கரோலின் கீன் என்பது புனைபெயர்தான். எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் என்பவர் அமெரிக்காவில் நடத்திய நிறுவனம், கதைச் சுருக்கத்தைத் தானே தயாரித்து, எழுதுவதற்கு ஆள் அமர்த்தி, ஒரு பொதுப் பெயரில் வெளியிட்டது. 1930 ஏப்ரலில் நான்சி ட்ரூவின் முதல் மூன்று நாவல்கள் வந்தன. அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார், மகள்கள் நிறுவனத்தை ஏற்று நடத்தினார்கள். இவ்வளவும் பேராசிரியருக்குத் தெரியும்.

அவர் சொல்லாமல் விட்டது மில்ட்ரெட் விர்ட் என்ற பெண்ணை. ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர், ஐயோவா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். முதல் நான்சி ட்ரூ வெளிவந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. சில பக்கங்களே இருந்த கதைச் சுருக்கத்தை வாங்கி, இருநூறு பக்க நாவலாக எழுதிக் கொடுத்தார். ஒரு புத்தகத்துக்கு 125 டாலர், அதோடு சரி. ராயல்டி கிடையாது, பெயர் கிடையாது. தான் எழுதியதாக வெளியில் உரிமை கோரவும் கூடாது. பொருளாதார மந்தத்தின்போது அந்தக் கூலியை 75 டாலராகக் குறைத்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்று புத்தகங்களை வேறொருவர் எழுதிய பிறகு மறுபடியும் அவரே தொடர்ந்தார். முதல் முப்பது நாவல்களில் 23 அவர் கையால் வந்தவை. கணவர் நோயில் கிடந்த காலத்திலும் தட்டச்சு இயந்திரத்தை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

உண்மை வெளியே வந்தது 1980இல், நியூயார்க் நீதிமன்றத்தில். நிறுவனத்துக்கும் பழைய பதிப்பகத்துக்கும் நடந்த வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறி, எழுதியது நான்தான் என்று சொன்னார். அவ்வளவு காலமும் ஸ்ட்ராட்டமையரின் மகள் ஹேரியட் ஆடம்ஸைத்தான் கரோலின் கீன் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. மில்ட்ரெட் அதற்குள் பல ஆண்டுகளாக டொலீடோ நகரத்தில் பத்திரிகையாளராக வேலை செய்துகொண்டிருந்தார். 2002இல், தமது 96ஆவது வயதில், அலுவலகத்தில் வேலையில் இருந்தபோதுதான் உடல்நிலை மோசமானது. அன்றே இறந்தார். இவரைத்தான் அந்தப் பேராசிரியர் 'பிறக்கவே இல்லை' என்றார்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் பல ஆண்டுகள் பத்தாம் வகுப்புத் தமிழ் கைடு எழுதியவள். பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். குறுவினா, சிறுவினா, நெடுவினா, இலக்கணப் பயிற்சி, கட்டுரைகள் எல்லாம் இரவில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதியவை. அட்டையில் 'அனுபவம் வாய்ந்த ஆசிரியர் குழு' என்று இருக்கும். குழு என்பது நானும், கணக்குப் பாடத்துக்கு இன்னொரு ஆசிரியையும். பக்கக் கணக்கில் கூலி கொடுப்பார்கள். பாதிப் பக்கம் காலியாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். முழு உரிமையும் பதிப்பகத்துக்கே என்று முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பாடத்திட்டம் மாறிய பிறகும் நான் எழுதிய இலக்கணப் பகுதி அப்படியே புதிய பதிப்பில் வந்தது. ஒரு ரூபாய் வரவில்லை. போன் செய்தால் "மேடம், எங்கள் டீம் தயாரித்தது" என்றார்கள். அணியிலக்கணத்துக்கு நான் கொடுத்த எடுத்துக்காட்டுகளைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் யாருக்கும் என் பெயர் தெரியாது. இது கேள்விக்குத் தொடர்பில்லாதது என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். எனக்குத் தொடர்பு இருக்கிறது. கூலிக்கு எழுதினால் அது எழுத்தில்லை என்று சொல்கிறவர்கள், கூலியைக் கொடுத்தவன் பக்கம் நின்று பேசுகிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். நீங்கள் படிப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். இது மிகவும் முக்கியம். 1959 முதல் பழைய நாவல்களை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினார்கள். இருபத்தைந்து அத்தியாயங்கள் இருபதாகச் சுருங்கின. பதினாறு வயது நான்சி பதினெட்டு வயதானாள். நம் ஊர்க் கடைகளிலும் வாடகை நூலகங்களிலும் பெரும்பாலும் கிடைத்தவை திருத்திய கதைகள்தான். நானும் சிறுவயதில் அவற்றைத்தான் படித்தேன். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, சிறுவயதில் நான் அறிந்த நான்சி வேறொரு பெண் என்று தோன்றுகிறது.

முதல் நாவலான 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோசையா கிரவுலி என்ற கிழவர் இறந்துபோகிறார். அவர் சொத்து முழுவதும் டாப்ஹம் என்ற பகட்டுக் குடும்பத்துக்குப் போகிறது. தையல் வேலையும் கோழி வளர்ப்புமாகக் கஷ்டப்படும் இரண்டு சகோதரிகள் உட்பட, அவர் உதவுவதாகச் சொல்லியிருந்த ஏழைகள் கைவிடப்படுகிறார்கள். இரண்டாவது உயில் எங்கே என்பதுதான் மர்மம். 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. புத்தகம் வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. வேலையும் சேமிப்பும் கரைந்துகொண்டிருந்த வீடுகளில் ஒரு சிறுமி இதைப் படித்திருப்பாள். யாருக்கு நியாயமாகச் சேர வேண்டுமோ அவர்களிடம் ஒரு பெண்பிள்ளை பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். பெரியவளான பிறகு படித்ததால்தான் எனக்கு இது கண்ணில் பட்டது. சிறுவயதில் கடிகாரம் மட்டும்தான் தெரிந்தது.

ஏரிக்கரை பங்களாவில் திருடர்கள் நான்சியை ஓர் அலமாரி அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் போகும் கட்டம் இருக்கிறது. கத்துகிறாள், கதவை இடிக்கிறாள், களைத்துப்போகிறாள். பிறகு இருட்டில் தடவித் தடவி, துணி மாட்டும் கம்பைக் கழற்றி, அதையே நெம்புகோலாக்கிக் கதவின் கீலைப் பெயர்க்க முயல்கிறாள். ஆர்க்கிமிடீஸை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்கிறாள்! பயமும் பிறகு வரும் யோசனையும் இவ்வளவு சரியான வரிசையில் எழுதப்பட்ட பக்கங்கள் பெரியவர்களுக்கான மர்ம நாவல்களிலேயே குறைவு.

'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்' மூலத்தில், மர்மம் சூழ்ந்த வீட்டுக்குத் தங்கப் போகும் மகளிடம் தந்தை கார்ஸன் ட்ரூ தன் கைத்துப்பாக்கியையே கொடுத்து அனுப்புகிறார். திருத்திய பதிப்பில் துப்பாக்கி காணாமல் போனது. கூடவே அவளுடைய துடுக்கும் போயிற்று. மூலத்தில் பெரியவர்களை எதிர்த்துக் கேட்பவள், திருத்தியதில் நன்றி சொல்லிப் புன்னகைக்கிறாள்.

உடனே யாராவது வந்து, "மூலப் பதிப்பில் இருக்கும் இனவெறி உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும். முதல் நாவலில் பங்களாவின் காவல்காரர் ஜெஃப் டக்கர் ஒரு கறுப்பினத்தவர். குடித்துவிட்டுக் கடமை தவறியவராக, கொச்சை பேசிச் சிரிப்பூட்டுபவராக அவரைக் காட்டியிருப்பது அருவருப்பானது. படிக்கும்போது எனக்கு உடல் கூசியது. அதைத் திருத்தியது சரி. ஆனால் எப்படித் திருத்தினார்கள் என்று பாருங்கள். 1959இல் அந்தக் காவல்காரரை வெள்ளையராக்கிவிட்டார்கள். ஒரு கறுப்பின மனிதரை மரியாதையோடு எழுதுவதைவிட, அவரையே கதையிலிருந்து எடுத்துவிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. மூலத்தைக் குழந்தைகள் கையில் அப்படியே கொடுக்கச் சொல்லவில்லை. நீங்கள் பெரியவர், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம்.

நான்சியோடு நிறுத்திவிடாதீர்கள். மார்கரெட் சட்டன் எழுதிய ஜூடி போல்டன் தொடர் 1932 முதல் 1967 வரை 38 நாவல்களாக வந்தது. இதற்குச் சுருக்கம் எழுதிக் கொடுக்கக் கம்பெனி இல்லை. ஒரே பெண், சொந்தப் பெயரில் எழுதினார். முதல் கதையான 'தி வேனிஷிங் ஷேடோ' ஓர் அணை உடைவதைப் பற்றியது. 1911இல் பென்சில்வேனியாவின் ஆஸ்டின் ஊரில் உண்மையாகவே அணை உடைந்து குறைந்தது 78 பேர் இறந்தார்கள். சட்டன் அந்த ஊருக்கு அருகில் வளர்ந்தவர். நான்சிக்கு வயதே ஏறுவதில்லை, ஜூடிக்கோ ஏறுகிறது. வேலைக்குப் போகிறாள், திருமணம் செய்துகொள்கிறாள், அதற்குப் பிறகும் துப்பறிகிறாள். உங்கள் வயதில் இவளை உங்களுக்கு அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மில்ட்ரெட் தன் சொந்தப் பெயரில் எழுதிய பென்னி பார்க்கர். செய்தித்தாள் நடத்துபவரின் மகள், செய்தி தேடி அலைகிற பெண். 1939இல் 'டேல் ஆஃப் தி விட்ச் டால்' என்ற நாவலோடு தொடங்கி 17 புத்தகங்கள் வந்தன. நான்சியைவிடத் தனக்குப் பிடித்தவள் பென்னிதான் என்று மில்ட்ரெட்டே சொல்லியிருக்கிறார். படித்தால் அது தெரிகிறது: வாக்கியங்கள் துள்ளுகின்றன, நகைச்சுவை இருக்கிறது, பத்திரிகை அலுவலகத்தின் பரபரப்பு உள்ளிருந்து எழுதப்பட்டிருக்கிறது.

நான்சி ட்ரூவின் முதல் நான்கு நாவல்களின் 1930 மூலப் பிரதிகளுக்கு அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 அன்று பதிப்புரிமை முடிந்துவிட்டது. அச்சில் வேண்டுமென்றால், பழைய அட்டையோடு அப்படியே மறுபதிப்பான ஆப்பிள்வுட் புக்ஸ் பிரதிகள் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது கிடைக்கும், விலை கொஞ்சம் அதிகம். பென்னி பார்க்கர் நாவல்கள் பல குட்டன்பெர்க் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கிருந்தே தொடங்குங்கள். அந்த அட்டையில் கரோலின் கீன் இல்லை, மில்ட்ரெட் விர்ட் என்று அவருடைய பெயரே இருக்கிறது.