ஜாவாக்காரத் தம்பிக்கு, உருத்திரபுரத்திலிருந்து

தம்பி, உம்முடைய கேள்வி கிடைத்தபோது நான் லீவில் ஊருக்கு வந்து நிற்கிறேன். ஒன்பது வருசம் கொழும்பில் ஜாவா எழுதிவிட்டு கனடாவில் ஸ்காபுரோ வந்து நாலு மாதம்; போற இடமெல்லாம் பைதன் தெரியுமோ, கோ தெரியுமோ என்கிறார்கள்; முப்பத்தைந்து வயதில் இன்னொரு புரோகிராமிங் மொழி படிக்கத்தான் வேணுமோ என்று கேட்டிருந்தீர். நீர் கிளிநொச்சிப் பிள்ளை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வேலை எடுக்கும்வரை வேண்டாம்.

நான் 2015 கடைசியில் வந்து இறங்கினேன். அந்தப் பனிக்காலம் முழுக்கப் பயம். பைதன், ரூபி, ஸ்காலா மூன்றையும் ஒன்றாகத் தொட்டேன். மாசியில் ஒரு நேர்முகம். சாவியைச் சொன்னால் அதற்குரிய தரவைத் தேடித் தரும் ஜாவாவின் ஹாஷ்மேப்பைப் பலகையில் கீறச் சொல்லி, இரண்டு சாவிகள் ஒரே பெட்டிக்குள் விழுந்தால் என்ன நடக்கும் என்று கேட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து வைக்கும் என்றேன். "கோர்வை எட்டைத் தாண்டினால்?" என்று அடுத்த கேள்வி. மேப் போதிய அளவு பெரிதாக இருந்தால் அந்தக் கோர்வையை மரமாக மாற்றிவிடும். 2014இல் வந்த ஜாவா 8 செய்த வேலை அது. எனக்குத் தெரியாது. ஏழு வருசம் ஒவ்வொரு நாளும் பாவித்த சாமான், தம்பி. அன்று அந்த வேலை போனது பைதன் தெரியாததால் இல்லை.

ரொறன்ரோவில் வங்கிகளிலும் காப்புறுதிக் கொம்பனிகளிலும் ஜாவா வேலை இருக்கிறது. அதற்கு முழுசாக ஆயத்தப்படும். விளம்பரத்தில் கோட்லின் கேட்டால் பயப்பட வேண்டாம். அதுவும் ஜாவா ஓடுகிற அதே மெய்நிகர் இயந்திரத்தில்தான் (ஜேவிஎம்) ஓடுகிறது, இரண்டையும் ஒரே புரொஜெக்டில் கலந்து எழுதலாம். பின்னேரங்களில் இருந்தால் மூன்று கிழமை போதும். சீ ஷார்ப் படிக்கவும் ஏறத்தாழ அவ்வளவு காலம்தான். கோ அதைவிடச் சின்ன மொழி, அதன் சிறப்புச் சொற்களே 25தான். வேலை கேட்கும்போது இவற்றைப் படித்துக்கொள்ளலாம். இவற்றுக்காக இப்போது நித்திரை முழிக்காதேயும்.

வேலையில் காலூன்றின பிறகு கதை வேறு. அப்போது ஒரு மொழி கட்டாயம் படியும், ஆனால் ஜாவாவைப் போல யோசிக்க விடாத மொழியாகப் பார்த்து எடும்.

நேற்று விடிய சித்தப்பாவோடு வயலுக்குப் போனேன். சிறுபோகம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. தன் முறை முடிந்ததும் சித்தப்பா மண்வெட்டியால் சேற்றை இழுத்து வாய்க்கால் வாயை அடைத்தார், காலால் இரண்டு மிதி மிதித்தார், பிறகுதான் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டார். வரம்பில் நின்று எத்தனை பேரும் தண்ணீரைப் பார்க்கலாம். வாயில் கை வைக்கிறவர் ஒருவர்தான்.

ரஸ்ட் மொழியின் முக்கியமான விதி இதுதான். ஒரு தரவை ஒரே நேரத்தில் பலர் வாசிக்கலாம், அல்லது ஒருவர் மாற்றலாம். இரண்டும் சேர்ந்து நடக்க, எழுதியதை ஓடக்கூடியதாக மாற்றித் தரும் கொம்பைலர் விடாது. 2019இல் என் வேலையிடத்தில் ஒரு அறிக்கையின் கணக்கு இடைக்கிடை குறைந்து வந்துகொண்டிருந்தது. ஒரே நேரத்தில் ஓடுகிற இரண்டு திரெட்கள் ஒரே பட்டியலில் (அரேலிஸ்ட்) சேர்த்துக்கொண்டிருந்தன, சில வரிகள் தொலைந்துபோயின. பிடிக்க எனக்கு மூன்று கிழமை. அந்தப் பனிக்காலத்தில் ரஸ்ட் படிக்கும்போது அதையே எழுதிப் பார்த்தேன். கொம்பைலர் ஓடவிடாமலே மறித்து, எந்த வரியில் பிழை என்றும் காட்டியது. முதல் இரண்டு மாதம் சரியான கஷ்டம், எழுதுவதெல்லாம் சிவப்பாக வரும். ஆனால் திரும்ப ஜாவாவுக்கு வந்தபோது என் கை மாறியிருந்தது. ஒரு லிஸ்டை வெளியே கொடுக்க முதல் 'இதை மாற்ற உரிமை ஆருக்கு?' என்று கேட்கத் தொடங்கினேன். உருவாக்கிய பிறகு புலங்களை மாற்ற முடியாத ரெக்கோர்ட் வகைகள், மாற்ற முடியாத பிரதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்குப் பழக்கத்துக்கு வந்தன. ரஸ்டில் எனக்கு இன்றுவரை ஒரு டொலர் சம்பளம் வரவில்லை. அந்த இரண்டு மாதத்தை நான் வீணென்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அதனால் யாராவது ஒரு மொழியின் பெயரைச் சொன்னால், உம்முடைய வேலையில் உம்மை நோகடிக்கிற எந்த இடத்தை அது தொடுகிறது என்று பாரும். இடம் தெரிந்தால் படியும். எல்லாரும் படிக்கிறார்கள் என்பது மட்டும் காரணமென்றால் விடும்.

வயதை நினைக்க வேண்டாம். பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்தவனுக்கு இரண்டாவது மொழி கெதியாக வரும். அவனுக்கு வருகிற ஆபத்து, புது மொழியிலும் ஜாவாவையே எழுதுவது. பைதனில் ஒவ்வொரு புலத்துக்கும் எடுக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் என்று எழுதுகிறீர் என்றால் நீர் இன்னும் பைதன் படிக்கவில்லை.

நான் அடுத்த கிழமை திரும்புகிறேன். அதற்குள் ஹாஷ்மேப்பை ஒரு தாளில் கீறி, இரண்டு சாவிகள் சமமா என்று பார்க்கிற ஈக்குவல்ஸை மாற்றி எழுதிவிட்டு, பெட்டியைத் தீர்மானிக்கிற ஹாஷ்கோடை மறந்தால் என்ன நடக்கும் என்று எழுதி அனுப்பும். புத்தகம் பார்க்காமல்.