ஒரே வேகத்தில் போகும்போது வண்டி முந்துவதும் பின்வாங்குவதும் ஏன்?

கேள்வி: என்னிடம் 2006-ஆம் ஆண்டு ஸ்பிளெண்டர் பிளஸ் இருக்கிறது. நான்காவது கியரில் 45, 50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை அசைக்காமல் பிடித்துப் போனால், வண்டி தானாகக் கொஞ்சம் முந்துகிறது, உடனே இழுவை குறைகிறது, மறுபடி முந்துகிறது. முறுக்கினால் சரியாகிவிடுகிறது. பிளக் மாற்றியும் பலனில்லை. போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றுவது) செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்த வண்டி எல்லா வேகத்திலும் சோர்ந்து போகும், நீலப் புகை விடும், ஆயில் குறையும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தடுமாறி, முறுக்கியதும் தெளிகிற வண்டிக்குப் பெரும்பாலும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

சமதளத்தில் அந்த வேகத்தைப் பிடித்து வைக்க 97.2 சி.சி. இன்ஜினுக்கு ஆக்சிலேட்டர் கால்வாசி திறந்தால் போதும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில், அந்த அளவில் பெட்ரோல் கொடுப்பவை ஸ்லோ ஜெட் என்ற சிறு துளைக்குழாயும், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் நீடில் என்ற ஊசியும்தான். முழு முறுக்கலுக்கான மெயின் ஜெட்டுக்கு அங்கே அதிக வேலை இல்லை. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பழைய பெட்ரோல் காய்ந்து விட்டுச் செல்லும் பிசின் லேசாகப் படிந்தாலே பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை ஒருமுறை நன்றாகப் பற்றும், அடுத்தமுறை அரைகுறையாக எரியும். நீங்கள் உணரும் ஆட்டம் அதுதான். முறுக்கும்போது நீடில் உயர்ந்து கூடுதல் பெட்ரோல் வருவதால் குறை மறைந்துவிடுகிறது.

இதை உறுதிசெய்யப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஓரமாக நிறுத்தி, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதிக்கும் குறைவாகப் போட்டுவிட்டு, நெரிசலில்லாத சாலையில் அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். ஓடும் வண்டியில் குனிந்து சோக்கைத் தொடாதீர்கள். ஆட்டம் குறைந்தால் கலவை மெலிவு உறுதி. மாறாக இன்ஜின் திணறிக் கரும்புகை விட்டால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டரையும், கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டையும் பார்க்க வேண்டும்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை, பெட்ரோல் டேப் ஆகியவற்றைப் பலரும் முதலில் சந்தேகிப்பார்கள். அவை அடைத்திருந்தால் முறுக்க முறுக்க நிலைமை மோசமாகும். உங்கள் வண்டி முறுக்கினால் தெளிகிறது என்பதால் அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து ஏர் லீக், அதாவது இணைப்பின் வழியே வெளிக்காற்று உள்ளே புகுவது. கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே உள்ள, சூட்டைத் தடுக்கும் இன்சுலேட்டரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் வருடக்கணக்கான சூட்டில் இறுகித் தட்டையாகிவிடும். நட்டை அளவுக்கு மீறி முடுக்கினால் கார்புரேட்டரின் முகப்பே வளைந்துவிடும். இப்படி ஏர் லீக் உள்ள வண்டியில் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் உடனே இறங்காது. ஐடிலிங்கில் ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் மாறினால் லீக் அங்கேதான். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் முகப்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் வளைந்திருக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: கடைசி சர்வீசுக்குப் பிறகு இது தொடங்கியதா? மைலேஜ் கூட்டித் தருவதாகச் சொல்லி ஸ்குருவைத் திருகிக் கலவையை மெலிய வைப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணம். வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகவே செய்கிறார்கள், ஆனால் அந்த மைலேஜுக்கு விலை இன்ஜின் சூடு. கலவை ஸ்குரு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகப் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருகக் கூடும். கால் சுற்று, அரைச் சுற்று என்று மட்டுமே மாற்றுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய வண்டிகளுக்குச் சாதகமில்லை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே ஜெட் வழியே வரும்போது கலவை தானாகவே சற்று மெலிகிறது. கார்புரேட்டரில் இதை உணர்ந்து திருத்தும் சென்சார் கிடையாது. ஆகவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் இப்போது ஆட ஆரம்பிக்கின்றன.

சுத்தம் செய்யும்போது ஸ்லோ ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் ஜெட் வீண். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். மாட்டிய பின் சில கிலோமீட்டர் ஓட்டி, பிளக்கைக் கழற்றுங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி; வெளுத்திருந்தால் இன்னும் மெலிவு.

சோக் சோதனையில் எந்த மாற்றமும் இல்லையென்றால் பிளக் கேப்பையும் செயினையும் பாருங்கள். மின்பொறி விடுபட்டால் ஆட்டம் மெதுவாக ஏறி இறங்காது, வெட்டி வெட்டி வரும். செயினுக்கு நடு ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தொய்ந்தால், இன்ஜின் சீராக ஓடினாலும் வண்டி முன்னும் பின்னும் இழுக்கும். அப்போது செயினையும் அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களையும் (ஸ்பிராக்கெட்) சேர்த்தே மாற்றுங்கள்.