பயிலரங்குக்குப் போய்வந்தும் வகுப்பு மாறவில்லையா?

வணக்கம். பள்ளியில் 11 வருடம் கற்பித்த அனுபவத்துக்குப் பிறகும், பல்கலைக்கழகம் நடத்தும் ஒருநாள் பயிலரங்குகளிலிருந்து சான்றிதழோடு திரும்புகிறேன், வகுப்பில் ஒன்றும் மாறவில்லை, இன்னொரு பட்டயப் படிப்பில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். குறை உங்களிடம் இல்லை. ஒருநாள் கேட்டது மறுவாரம் கையில் நிற்காது, யாராவது திரும்ப வந்து பார்த்தால் தவிர.

நான் செய்தது சின்ன வேலை. கைபேசியைக் கடைசி பெஞ்சில் சாய்த்துவைத்து 10 நிமிடம் பதிவு செய்தேன். பார்த்தபோது கூசிவிட்டது: கேள்வி கேட்ட மறுநொடி நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்! மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அந்த 3 நொடி மௌனத்தைத் தாங்குவதற்கு எனக்கு ஒரு பருவம் பிடித்தது.

ஆகவே உங்கள் பல்கலைக்கழகக் கல்வியியல் துறையிடம் இன்னொரு உரை கேட்காதீர்கள். ஒரு விரிவுரையாளர் பருவத்துக்கு மூன்று முறை உங்கள் வகுப்பில் வந்து உட்கார முடியுமா என்று கேளுங்கள். குறிப்பு உங்கள் கைக்கு மட்டும் வரவேண்டும், தலைமையாசிரியரின் மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகக்கூடாது. இதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் நாடகம்தான் போடுவோம். அதே பாடம் எடுக்கும் சக ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

துறை மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.