ஜோனி மிட்செல் சமரசம் செய்துகொண்டாரா?

கேள்வி: சென்ற இதழில் ஜோனி மிட்செல்லைச் சுயாதீனப் பாடகி என்று எழுதியிருந்தீர்கள். பெரிய நிறுவனங்களில் இசைத்தட்டு வெளியிட்டவர் எப்படிச் சுயாதீனர் ஆவார்? கிட்டாரும் கையுமாக நாட்டார் பாணியில் பாடிக்கொண்டிருந்தவர் ஜாஸ் பக்கம் தாவியதும் சந்தைக்காகச் செய்த சமரசம்தானே? (வாசகர், கோவை)

பதில்: ரிப்ரைஸும் அசைலமும் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டன, அந்த அளவில் உங்கள் ஆட்சேபம் செல்லும். ஆனால் தட்டை அச்சிட்டு விற்றவர் யார் என்பதைவிட, பாட்டின் உரிமை யாரிடம் இருந்தது, அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்பதையே நான் பார்க்கிறேன். 1968இல் முதல் தட்டு வெளிவருவதற்கு முன்பே தம் பாடல்களின் பதிப்புரிமையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டவர் அவர். பிறகு வந்த தட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தாமே தயாரித்தார், பலவற்றின் உறைகளுக்கு ஓவியமும் தாமே தீட்டினார். சொந்தக் காசில் பதிவு செய்துவிட்டு, விற்பனையாகும் ஓசைக்குத் தம் பாட்டை வளைத்துக்கொடுப்பவர்களைச் சுயாதீனர் என்று அழைக்கத் தயங்காத நீங்கள், இவரிடம் மட்டும் அவ்வளவு கண்டிப்பு காட்டுவது ஏனென்று எனக்குப் புரியவில்லை.

சமரசம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எல்.ஏ. எக்ஸ்பிரஸ் என்ற ஜாஸ் குழுவுடன் 1974இல் அவர் வெளியிட்ட 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. உங்கள் ஐயத்துக்கு இடமளிக்கக்கூடியது அந்த ஒன்றுதான். பணமே நோக்கமாக இருந்திருந்தால் அதையே இன்னும் நான்கு முறை செய்திருப்பார். அவரோ 1976இல் 'ஹெஜிரா'வைச் செய்தார். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு திரும்பிய காலத்தின் பாடல்கள் அவை. நெடுஞ்சாலை விடுதிகளும் முறிந்த உறவுகளும் 1937இல் பசிபிக் பெருங்கடலின் மேல் காணாமற்போன விமானி அமீலியா இயர்ஹார்ட்டும் வரும் அந்தக் கதைப்பாட்டுகளில், வானொலி கேட்கும் வகையில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பல்லவி ஏறக்குறைய இல்லவே இல்லை.

ஜாஸ் அவருக்குத் தேவைப்பட்டதன் காரணம் அவருடைய கிட்டாரிலேயே இருக்கிறது. ஒன்பது வயதில் தாக்கிய இளம்பிள்ளை வாதம் இடக்கையைப் பலவீனமாக்கியதால், விரல்களுக்கு எட்டும்படி தந்திகளின் சுருதியை அவர் மாற்றிக் கூட்டிக்கொண்டார். காலப்போக்கில் அப்படி 50க்கும் மேற்பட்ட முறைகள் உருவாயின. அவற்றில் பிறந்த கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகள், ஒரு முடிவுக்கு வந்து அமராமல் கேள்வியாகவே தொங்கி நிற்பவை. அவற்றின் மேல் அவர் ஏற்றிய வரிகளோ, பேச்சைப் போல ஒருமுறை நீண்டும் ஒருமுறை சட்டென்று அறுந்தும் போகின்றவை. நாட்டார் பாணிப் பக்கவாத்தியமும் ராக் தாளமும் சதுரக் கட்டங்களுக்குப் பழகியவை. அந்த வரிகளின் பின்னால் போக அவற்றால் முடியவில்லை. பாடுபவரின் மூச்சைக் கேட்டு அந்தக் கணத்திலேயே பதில் சொல்லும் பழக்கம் ஜாஸ் கலைஞர்களுக்கே இருந்தது. 'ஹெஜிரா'வின் சில பாடல்களில் ஜாக்கோ பஸ்டோரியஸ் வாசிக்கும், ஃப்ரெட் கட்டைகள் இல்லாத பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். அது வெறுமனே அடித்தளம் போட்டுக்கொண்டிருக்கவில்லை; கதை சொல்பவரோடு இன்னொரு குரலாக வாதாடுகிறது. ஆகவே அவர் கதையை விட்டு ஜாஸுக்குப் போகவில்லை. கதையை அது கேட்கும் நீளத்தில் சொல்வதற்காகப் போனார்.

நோயால் உடல் முடங்கிக்கொண்டிருந்த ஜாஸ் இசையமைப்பாளர் சார்ல்ஸ் மிங்கஸ், தம் மெட்டுகளுக்குச் சொல் எழுதும்படி அழைத்தபோதும் மிட்செல் கணக்குப் பார்க்கவில்லை. 1979 ஜனவரியில் மிங்கஸ் இறந்தார். அவர் பெயரையே தாங்கி அந்த ஆண்டிலேயே வெளிவந்த தட்டின் விற்பனை முந்தையவற்றைவிடச் சரிந்தது. சந்தைக்குப் போனவர் இப்படியா போவார்?

ஜாஸ் உலகம் அவரை விருந்தாளியாக மட்டும் நடத்தியது என்றும் நினைக்க வேண்டாம். 2007இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் பெரும்பாலும் மிட்செல்லின் பாடல்களைக் கொண்டே ஒரு தட்டு செய்தார். மறு ஆண்டு கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது அதற்குத்தான். ஒரு ஜாஸ் ஆல்பத்துக்கு அந்த விருது கிடைத்து அப்போது 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.