ஐ.நா. வேலைக்கு விண்ணப்பம்: கேட்டவையும் சொன்னவையும்

ஐ.நா. அமைப்புகளில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். விசா, வரி பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

கே: அக்கா, பொதுச் சுகாதாரத்தில் எட்டு வருட அனுபவம். ஒரே விண்ணப்பத்தைப் பல இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு அழைப்பும் இல்லை. எங்கே தப்பு?

ப: ஒரே விண்ணப்பத்தை அனுப்பியதுதான் தப்பு.

முதல் சல்லடை படிப்பு, அனுபவ வருடங்கள், மொழி. வல்லுநர் பணிகளின் படிநிலைகளுக்கு பி-2, பி-3 என்று பெயர், எண் ஏற ஏறப் பதவியும் உயரும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் முதுகலைப் பட்டத்தோடு பி-2க்கு 2, பி-3க்கு 5, பி-4க்கு 7 வருடங்கள் கேட்பார்கள். இளங்கலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் கூடுதலாக 2 வருடங்கள். இங்கே நீங்கள் தேறியிருப்பீர்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் விழுகிறார்கள். விண்ணப்பங்களைப் படிப்பவர் வேலை அறிவிப்பை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் விண்ணப்பத்தில் ஒவ்வொரு தகுதியையும் தேடுவார். தடுப்பூசித் திட்டத்தை ஒருங்கிணைத்த அனுபவம் வேண்டும் என்று அறிவிப்பு சொல்கிறது. நீங்கள் ‘சுகாதாரத் திட்டப் பணிகளில் ஈடுபட்டேன்’ என்று எழுதுகிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் ஊகிக்க மாட்டார்கள். ‘மூன்று மாவட்டங்களில் விடுபட்ட குழந்தைகளின் பட்டியலைத் தயாரித்தேன், எந்த நிலையத்துக்கு எத்தனை குளிர்பதனப் பெட்டி என்று கணக்கிட்டேன், ஒரு வருடத்தில் விடுபட்டோர் எண்ணிக்கை பாதியானது’ என்று எழுதிப் பாருங்கள். அலுவலகம் செய்ததை அல்ல, நீங்கள் செய்ததை எழுதுங்கள். வேலையில் சேர்ந்த மாதம், விலகிய மாதம் இரண்டும் வேண்டும்.

கே: கவர் லெட்டர் எவ்வளவு நீளம் இருக்கலாம் மேடம்?

ப: ஒரு பக்கம். ஐ.நா. 1945இல் தொடங்கியது, உலக அமைதிக்குப் பாடுபடுகிறது என்று அவர்களுக்கே பாடம் எடுக்கும் முதல் பத்தியை அடித்துவிடுங்கள்.

கே: வேலை உறுதி என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். விண்ணப்பக் கட்டணம் கட்டச் சொல்கிறார்.

ப: கட்டாதீர்கள். விண்ணப்பம், நேர்முகம், பயிற்சி எதற்கும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை. வங்கிக் கணக்கு விவரமும் கேட்பதில்லை. கேட்டால் மோசடி.

கே: எனக்கும் ஒரு ஏஜென்ட். ஆனால் இது டெபாசிட்தானாம், திருப்பித் தருவார்களாம்.

ப: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கே: எதற்கு இந்தக் கஷ்டமெல்லாம்? ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு, கண்துடைப்புக்குத்தானே அறிவிப்பு போடுகிறார்கள்?

ப: இப்படிக் கேட்டவர்கள் நிறைய பேர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த நாற்காலியில் தற்காலிகமாக இருப்பவரும் பல சமயம் விண்ணப்பிப்பார். வேலை அவருக்குக் கைவந்தது, பதில் நன்றாகத்தான் வரும். அவருக்கு அது சாதகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நேர்முகத்துக்கு ஒரு குழு, சில இடங்களில் எழுத்துத் தேர்வு, அறிவிப்பில் சொன்ன அளவுகோலைத்தான் பின்பற்றினார்களா என்று பார்க்கத் தனியாக ஒரு பரிசீலனைக் குழு என்று தடைகள் இருக்கின்றன. வெறும் கண்துடைப்புக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அதோடு, தேறியும் அந்த இடம் கிடைக்காதவர்கள் ரோஸ்டர் என்ற பட்டியலில் சேர்க்கப்படலாம்.

கே: (அதே நண்பர்) ரோஸ்டர் ரோஸ்டர் என்கிறீர்கள். என் சிநேகிதர் அதில் இருந்தும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

ப: இருப்பார். ரோஸ்டர் என்பது வேலை ஆணை இல்லை. அதே நிலையில், அதே வகை வேலைக்கு அறிவிப்பு வரும்போது அவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்போது முழுத் தேர்வும் நடத்தாமலே அவரை எடுக்க முடியும். உங்கள் சிநேகிதர் விண்ணப்பிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

கே: (இன்னொருவர்) குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மாமா உள்ளே இருந்தால் போதும் என்கிறார்களே?

ப: ஊழியரின் தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தவர் ஆகியோரை நியமிக்கக் கூடாது என்று தலைமைச் செயலக விதி இருக்கிறது. மாமா அந்தப் பட்டியலில் இல்லையே என்று வாதாட வராதீர்கள். உறவினர் யாராவது உள்ளே இருந்தால் படிவத்தில் மறைக்காமல் சொல்லுங்கள்.

கே: நாட்டு ஒதுக்கீடு? அதையும் சொல்லிவிடுங்கள்.

ப: ஐ.நா. சாசனத்தின் 101ஆவது பிரிவு திறமை, ஆற்றல், நேர்மை ஆகியவற்றை முதலில் வைக்கிறது. பல நாட்டவரும் இருக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்துதான். இந்தச் சண்டையை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: இப்போதுதான் பட்டம் வாங்கினேன். அனுபவம் இல்லை அக்கா.

ப: இளம் வல்லுநர் திட்டம் என்று ஒரு தேர்வு உண்டு. வயது 32க்குள் இருக்க வேண்டும், அந்த வருடப் பட்டியலில் உங்கள் நாடும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தைப் பாருங்கள். 1970இல் உருவாக்கப்பட்டது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். சம்பளம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்குப் படி உண்டு. அந்த அனுபவம் பின்னால் நிச்சயம் கைகொடுக்கும்.

கே: பிரெஞ்சு தெரியாது. போச்சா?

ப: அறிவிப்பில் ‘கட்டாயம்’ என்று இருந்தால் போச்சு. ‘விரும்பத்தக்கது’ என்று இருந்தால் விண்ணப்பியுங்கள்.

கே: செஞ்சிலுவைக் குழு வேலைகள் ஏன் இன்ஸ்பிரா என்ற விண்ணப்பத் தளத்தில் இல்லை?

ப: அது ஐ.நா. அமைப்பே இல்லை. யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக உணவுத் திட்டம் எல்லாம் ஐ.நா. குடும்பம்தான், ஆனாலும் தனித்தனித் தளங்கள் வைத்திருக்கின்றன. இன்ஸ்பிரா தலைமைச் செயலகத்தினுடையது.

கே: பி-3க்கு எத்தனை வருட அனுபவம் வேண்டும்?

ப: முதல் பதிலிலேயே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கப்பா.

கே: ஏஐ வைத்து எழுதலாமா?

ப: இலக்கணம் திருத்த வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யாததை அது அழகாக எழுதிக் கொடுத்தால், நேர்முகத்தில் மூன்றாவது கேள்விக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

கே: நேர்முகத்தில் ‘சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்’ என்றார்கள். எனக்கு யாரோடும் சண்டை வந்ததில்லை என்றேன். தப்பா?

ப: தப்புதான். உங்கள் குணத்துக்குச் சான்றிதழ் அவர்கள் கேட்கவில்லை. இதற்கு முன் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை வைத்து இனி எப்படி நடப்பீர்கள் என்று கணிக்கிறார்கள். சூழலை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். நேரத்தில் பெரும்பகுதியை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஒதுக்குங்கள். பிறகு என்ன ஆனது என்று சொல்லுங்கள். எதிராளி சொன்னதில் நியாயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஐ.நா.வின் நான்கு விழுமியங்களில் பணிவும் ஒன்று.