எச்சம் இருந்தால் குற்றமா?

கேள்வி: அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் எம்.எஸ். படிக்கிறான் என் மகன். வயது 23. பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் காரை நிறுத்தி, கண் சிவந்திருக்கிறது என்று சொல்லி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் முன்பு நண்பர்களோடு கஞ்சா புகைத்தது உண்மை, அன்று தொடவில்லை என்கிறான். அறிக்கையில் ‘கார்பாக்சி-டி.எச்.சி.’ மட்டும் வந்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். கட்டிவிடலாமா?
– பெயர் வேண்டாத வாசகி

பதில்: வழக்கறிஞரைப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இது அபராதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. போதையில் கார் ஓட்டிய குற்றத்துக்கு அரிசோனாவில் முதல் தடவைக்கே குறைந்தது 10 நாள் சிறை. அதில் 9 நாளை நீதிபதி நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். உங்கள் மகன் பக்கம் சட்டம் வலுவாகவே இருக்கிறது.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, சில மணி நேரத்தில் மளமளவென்று இறங்கிவிடும். உடல் அதை உடைத்த பிறகு மிஞ்சுவதுதான் கார்பாக்சி-டி.எச்.சி. இதற்குப் போதை தரும் சக்தி கிடையாது. ஆனால் நாள்கணக்கில் தங்கும். அடிக்கடி புகைப்பவர் உடலில் வாரக்கணக்கில்கூட. போதை தராத இந்த எச்சத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2014-ல் ஹாரிஸ் வழக்கில் அரிசோனா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 207-ஆம் முன்மொழிவு அதையும் தாண்டிப் போனது: உடலில் கஞ்சாவோ அதன் எச்சமோ இருந்தாலும், ஓட்டியவர் சிறிதளவாவது நிதானம் தவறியிருந்தால்தான் 28-1381 சட்டப்பிரிவின் ஏ-3 உட்பிரிவில் (உடலில் போதைப்பொருளோ அதன் எச்சமோ இருக்க ஓட்டுவது) குற்றம்.

ஆகவே வழக்கு அந்தச் ‘சிறிதளவு’ மேல்தான் நடக்கும். காரை நிறுத்தியது விளக்குக்காக; ஓட்டிய விதத்துக்காக அல்ல. இது முதல் சாதகம். ஒற்றைக் காலில் நிற்பது, கோட்டில் நடந்து திரும்புவது போன்ற சாலையோரச் சோதனைகள் மது அருந்தியவர்களை வைத்துச் சரிபார்க்கப்பட்டவை. பேனாவைக் கண்முன் நகர்த்திக் கருவிழி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். கஞ்சாவுக்கு அந்தத் துடிப்பு வராது என்று போதைப்பொருள் சோதனைக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகளின் அட்டவணையே சொல்கிறது. அறிக்கையில் ‘துடித்தது’ என்று எழுதியிருந்தால் வழக்கறிஞர் அதை விடக் கூடாது. அதிகாரி சட்டையில் மாட்டியிருக்கும் கேமராப் பதிவை உடனே எழுத்தில் கேட்க வேண்டும்; எழுத்தில் இருப்பதும் காட்சியில் இருப்பதும் பல நேரம் ஒத்துப்போகாது.

ஆய்வகத்திடம் முடிவுத்தாளை மட்டும் வாங்கினால் போதாது. முதல்கட்டச் சோதனை எந்த வகைப் பொருள் என்று மட்டுமே காட்டும். பொருளைத் துல்லியமாக அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் உறுதிப்படுத்தினார்களா? டி.எச்.சி.யைத் தனியாகத் தேடினார்களா, அந்தக் கருவி எந்த அளவுக்குக் கீழே காட்டாது? குழாயில் ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் புளோரைடு இருந்ததா, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? மறுசோதனைக்கு ரத்தம் மிச்சமிருந்தால் வேறு ஆய்வகத்தில் கொடுக்கலாம். சோதித்தவரை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009, 2011 தீர்ப்புகளில் உறுதி செய்திருக்கிறது.

அரசுத் தரப்பின் பதிலையும் எதிர்பார்த்திருங்கள். நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்திருந்தால், ‘ஓட்டும்போது டி.எச்.சி. இருந்தது, அதற்குள் இறங்கிவிட்டது’ என்பார்கள். எனவே நிறுத்திய நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் நிமிடக்கணக்கில் வேண்டும். புகைத்ததைப் பற்றி வாட்ஸப்பில் அவன் யாருக்கும், உங்களுக்கும்கூட, எழுதக் கூடாது. அது சாட்சியமாகலாம்.

மாணவர் விசாதான் எனக்குப் பெரிய கவலை. தண்டனைக்குக் காத்திராமல், கைதானதை வைத்தே விசாவை ரத்து செய்ய முடியும். வழக்கைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லி, போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒப்புக்கொள்ளச் சொன்னால் இன்னும் ஆபத்து: மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம் என்றாலும் குடியேற்றம் மத்திய சட்டத்தில் நடக்கிறது; அதில் கஞ்சா இன்னும் குற்றம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2010 பாடியா வழக்குத் தீர்ப்புப்படி, ஒப்புக்கொள்வதால் குடியேற்றத்துக்கு வரும் விளைவைச் சொல்வது வழக்கறிஞரின் கடமை. கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் கேட்கட்டும்.

கேள்வி: அதே மாநிலத்தில் இருக்கும் மகளுக்கு முதுகுவலி. இங்கே டாக்டர் எழுதித் தந்த டிரமடால் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு அவள் கார் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். மருத்துவர் சொன்னபடி மருந்து சாப்பிட்டவருக்கு ஏ-3 உட்பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அரிசோனாவின் 32-ஆம் தலைப்புச் சட்டத்தில் (தொழில் உரிமங்களுக்கானது) உரிமம் பெற்ற மருத்துவர் என்றுதான் அங்கே இருக்கிறது. இங்குள்ள சீட்டை நம்பி இறங்க முடியாது. அங்கேயே மருத்துவரைப் பார்த்து வாங்கினாலும், மயக்கத்தில் ஓட்டினால் ஏ-1 உட்பிரிவில் குற்றம்தான். அதற்கு மருந்துச்சீட்டு காப்பாகாது.