நாள் செய்ததா, ஆள் செய்ததா?

கேள்வி: 1918இல் முடியாட்சி வீழ்ந்தது, 1923இல் ஹிட்லரின் முதல் கலகம் ஒடுக்கப்பட்டது, 1938இல் யூதர்கள் மீது வெறியாட்டம் நடந்தது, 1989இல் பெர்லின் சுவர் திறந்தது. ஜெர்மனியில் இவை எல்லாமே நவம்பர் 9 அன்றுதான். அவர்களே அதை 'விதியின் நாள்' என்கிறார்களாம். நாளுக்கென்று ஒரு சக்தி உண்டு என்று இனியாவது ஒப்புக்கொள்வீர்களா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் பட்டியலில் நானே இன்னொன்றைச் சேர்க்கிறேன். 1848இல் இதே நாளில்தான் ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர் ராபர்ட் புளூம் வியன்னாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதையும் சேர்த்துக்கொண்டுதான் மறுக்கிறேன்.

1918 நவம்பர் 9 அன்று, போரில் தோற்றுக்கொண்டிருந்த ஜெர்மனியில் மன்னர் வில்ஹெல்ம் பதவி துறந்ததாக அறிவிக்கப்பட்டது. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஜன்னலில் நின்று குடியரசைப் பிரகடனம் செய்தார். அந்தக் குடியரசை உண்டாக்கியவர்களுக்கு ஹிட்லரின் கூட்டம் வைத்த பெயர் 'நவம்பர் குற்றவாளிகள்'. ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய மாலையில் மியூனிக்கின் மதுக்கூடம் ஒன்றில் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சி கவிழ்ந்துவிட்டதாக அறிவித்தார் ஹிட்லர். மறுநாள் ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. அவர் தரப்பில் 16 பேரும் போலீஸ்காரர்கள் நான்கு பேரும் இறந்தார்கள்.

ஆட்சிக்கு வந்ததும் அந்தப் 16 பேரைத் தியாகிகளாக்கி, ஆண்டுதோறும் மியூனிக்கில் விழா எடுத்தார்கள். 1938 நவம்பர் 9 இரவும் கட்சித் தலைவர்கள் நாடெங்கிலுமிருந்து வந்து அங்கே விருந்தில் கூடியிருந்தார்கள். பாரிஸில் ஒரு யூத இளைஞன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி அந்த நேரத்தில் வந்தது. கோயபல்ஸ் எழுந்து பேசினார். கேட்டவர்கள் தொலைபேசியை எடுத்துத் தத்தம் ஊர்களுக்கு உத்தரவு கொடுத்தார்கள். அந்த இரவிலும் அடுத்த நாளிலும் 1,400க்கு மேற்பட்ட ஜெப ஆலயங்களும் வழிபாட்டுக் கூடங்களும் நாசமாயின. சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகு யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் அபராதமும் விதித்தார்கள். இதை நாளின் கணக்கில் எழுதினால், தொலைபேசியை எடுத்த அந்தக் கைகளை யார் கணக்கில் எழுதுவது?

1918, 1923, 1938 ஆகிய மூன்றும் ஒன்றைப் பிடித்து ஒன்று வந்தவை. முதலாவதன் மீதிருந்த வன்மம் இரண்டாவதைத் தூண்டியது. இரண்டாவதற்கு எடுத்த விழா மூன்றாவதற்கு ஆட்களைத் திரட்டி வைத்தது. ஹிட்லர் இந்த விழாவைத் தவறவிட மாட்டார் என்று நம்பித்தான் கேயார்க் எல்சர் என்ற தச்சர் இரவு இரவாக அதே மதுக்கூடத்தின் தூணைக் குடைந்து வெடிகுண்டு வைத்தார். 1939 நவம்பர் 8 அன்று அது குறித்த நேரத்தில் வெடித்தது. 13 நிமிடங்களுக்கு முன்பே ஹிட்லர் கிளம்பிப் போயிருந்தார். எல்சரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

புளூமின் மரணம் தற்செயல். 1989உம் அப்படித்தான். மக்கள் மேற்கே போக வழிவிடும் கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதி மறுநாள்தான் வெளியாகியிருக்க வேண்டும். செய்தியாளர் கூட்டத்தில் அந்தத் தாளை வாசித்த ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, எப்போது முதல் என்று கேட்டதற்கு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று சொல்லிவிட்டார். மக்கள் சுவரை நோக்கித் திரண்டார்கள். இரவு பதினொன்றரை மணியளவில் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியின் காவல் அதிகாரிகள் தடுப்பைத் திறந்துவிட்டார்கள். தாளைச் சரியாகப் படித்திருந்தால் உங்கள் பட்டியலில் 1989 இருந்திருக்குமா?

விதியின் நாள் என்று பேச்சுக்குச் சொல்லும் அதே ஜெர்மானியர்கள், 1990இல் தேசிய நாளாக வைத்துக்கொண்டது நாடு ஒன்றிணைந்த அக்டோபர் 3ஐத்தான். சுவர் திறந்த மகிழ்ச்சிக்கு நவம்பர் 9 அன்று வாணவேடிக்கை விட்டால், ஜெப ஆலயங்கள் எரிந்த நாளிலும் அல்லவா அது வெடிக்கும்?